விளையாட்டு ஊர்தியும் வினைநுகர்ச்சியும்

உலகத்துப் பொருள் யாதொன்றும் தன்னளவில் பந்தமாவதுமில்லை, வீடாவதுமில்லை. உயிர் அதனைச் சாருமாறு பற்றியே அஃது அவ்விரண்டனுள் ஒன்றற்கு ஏதுவாம் என்பது நம் சித்தாந்த நூற்றுணிபு. இத்துணிபினை ஏட்டிற் படித்தல் எளிது. கடையில் ஒரு பொருளை விலைபேசி நிற்குங்கால் நினைத்தல் அரிது. சங்கரன்கோயிலை அடுத்த பனவடலிசத்திரத்து அன்பரொருவர், சமயதீக்கை பெற்றவர், வெளியூரில் நல்லூதியத்திற் பணிபுரிபவர், எமக்கு விடுத்த வினா இவ்வருமையைப் பற்றியதே. இருவர் மட்டும் அமர்தற்குரிய, கூரை திறந்து மூடும் சிறிய விளையாட்டுக் கார் ஒன்றின்மேல் அவர்க்கு நெடுநாள் விருப்பமாம். புதியது கொள்ளின் கடன்பட வேண்டும்; பழையதொன்றும் விலைக்கு வருகின்றதாம். வீட்டிலுள்ள முதியோர், “நீறு பூசி நித்தியவழிபாடு செய்வார்க்கு இவ்வாடம்பரம் ஏன்?” என்கின்றனர். உடன் பணிபுரிவோர், “உழைத்த பணம், உமது விருப்பம், கேட்பார் யார்?” என்கின்றனர். இது குற்றமா அன்றா என்பது வினா.

இவ்விரு விடையும் சித்தாந்தத்தின் விடையல்ல என்பதே எமது கருத்து. முன்னது பொருளின்மேற் குற்றம் ஏற்றுகின்றது. பின்னது உயிரைத் தலைவனாக்குகின்றது. பொருளோ சடம், உயிரோ அடிமை. சடத்தின்கண் குற்றமில்லை, அடிமைக்குத் தன்விருப்பம் என்பதொரு முடிந்த நியாயமும் இல்லை. ஆதலின் வினாவை வேறுவழியால் ஆராய்தல் வேண்டும்.

எடுத்துக்கொண்ட ஊர்தி யாதென்பதை முதற்கண் அறிவோம். மேனாட்டார் ரோட்ஸ்டர் என வழங்குவது, தாழ்ந்த உடலும் இரண்டு இருக்கையும் மடங்குங் கூரையும் உடையது. கூரை நிலையாய் மூடப்பெற்று, இருகதவோடு பின்புறம் சரிந்திறங்குவது கூப்பே. சுமையேற்றுதற்கும் குடும்பத்தோடு திருவிழாவிற்குச் செல்லுதற்கும் இவை ஆகா. ஓட்டுதலாகிய அத்தொழிலிலேயே இன்பங்காண்டல் இவற்றின் பயன். நம் நாட்டிற்கு இவ்வினம் முற்றும் புதிதன்று. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961ஆம் ஆண்டு முதற் செய்த ஹெரால்டு கார், மிக்கேலோட்டி என்னும் இத்தாலியர் வகுத்த உருவினது, தொடக்கத்தில் இருகதவினது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ரோட்ஸ்டரைச் செய்தனர். ஆகவே நம் வீதிகளில் ஓடிய அச்சிறு கார் அவ்விளையாட்டு ஊர்திக்குத் தமக்கை முறையினதாம். பின்னர் 1998ஐ ஒட்டிச் சான் ஸ்டார்ம் என்னும் இருவர் காரும், கண்ணாடியிழை உடலும் ரெனோ நிறுவனத்தின் 1149 கனசென்டிமீட்டர் எஞ்சினும் உடையதாய், இந்நாட்டிலேயே செய்யப்பட்டது, மிகுதியாய் விலைபோயிற்றில்லை. ஜப்பானியர் 1989இல் வெளிப்படுத்திய மஸ்தா எம்.எக்ஸ்-5 என்பது 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டியைக் கண்டது. 2025 ஜூலையில், மின்னாற்றலால் ஓடும் எம்.ஜி. சைபர்ஸ்டர் ஏறக்குறைய 75 லட்சம் ரூபாய் விலையில் இந்நாட்டிற் கடைக்கு வந்தது. பத்து லட்சம் பேர் விழைந்து வாங்கிய ஒன்றை வெறும் பைத்தியம் என்று தள்ளிவிடுதல் ஆராய்ச்சியாகாது.

‘விளையாட்டு’ என்னுஞ் சொல்லே ஈண்டுச் சிலர்க்கு இடராயிற்று. பயனில் செயல் என்று அவர் அதனைக் கொள்கின்றனர். நம் நூல்களில் அச்சொல் அவ்வாறு இழிந்து நிற்கவில்லை. இறைவன் ஐந்தொழில் புரிதற்குக் காரணம் யாதென்ற வினாவிற்கு, விளையாட்டு எனினும் அமையும் என்று உடன்பட்டு, உயிர்கட்குப் போகமும் வீடும் வழங்கி மலநீக்குதல் எனினும் அமையும் என்று சிவஞான சித்தியார் கூறுகின்றது. அருமையாகிய தொழிலும் முதல்வனுக்கு எளிதின் முடிதலின் அது விளையாட்டெனப்பட்டது. அன்றியும், வீட்டொடு போகத்தையும் அங்கே சேர்த்துவைத்தது நோக்கத்தக்கது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று முதல்வனால் உயிர்க்கு ஆக்கிக் கொடுக்கப்பட்டன. ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு அவை விடியுந்துணையும் ஏற்றிவைத்த விளக்காம். மாயையைப் பொய்யென்று தள்ளுவார்க்குக் காரும் பொய், கடனும் பொய், கடன் கொடுத்தானும் பொய். நமக்கு அவ்வசதி இல்லை.

விருப்பமும் அவ்வாறே. வித்தியாதத்துவங்களுள் அராகம் என்பதொன்று எண்ணப்பட்டது. உயிரின் இச்சையை எழுப்பி நுகர்ச்சியின்கண் செலுத்துவது அது. அஃதின்றேல் உயிர் உணவையும் விரும்பாது, நூலையும் விரும்பாது, திருக்கோயிலையும் விரும்பாது. எனவே அழகிய ஓர் ஊர்தியைக் கண்டவிடத்து மனம் எழுந்தது என்றமாத்திரையே அவ்வன்பர் தம்மைப் பழித்துக்கொள்ள வேண்டுவதில்லை. சங்கரன்கோயிலில் ஆடித்தபசு நாளிற் கோமதியம்மை சப்பரத்தில் எழுந்தருளுங்கால் அச்சப்பரத்தின் ஒப்பனையைக் கண்டு மகிழ்வது எந்தக் கண்ணோ, அந்தக் கண்ணே காரின் வளைவையும் கண்டு மகிழ்கின்றது. கண் ஒன்றே, அதன் பின்னின்று காண்பதே ஆராய்தற்குரியது.

அற்றேல், விரும்பிய எல்லாவற்றையும் கொள்ளலாமோ எனின், இங்கேதான் நாயன்மார் வரலாறு நமக்கு வழிகாட்டுகின்றது. பெரியபுராணத்தில் ஊர்திகள் பல வருகின்றன. அவற்றுள் மிக அழகியது ஆளுடையபிள்ளையார் ஏறிய முத்துச்சிவிகை. தந்தையார் தோள்மேல் அமர்தலையும் வேண்டாது சிற்றடி நோவ நடந்த பிள்ளையார்க்குத் திருநெல்வாயில் அரத்துறை இறைவன் அச்சிவிகையையும் முத்துக்குடையையும் சின்னங்களையும் அருளினன். பயன் மட்டுங் கருதின் ஒரு மரக்கட்டில் போதும், முத்து வேண்டுவதில்லை. ஆயினும் முத்தாலேயே வந்தது. அழகு இறைவனுக்கு ஆகாதென்பார் இதற்கு என் சொல்வர்?

அச்சிவிகையின் வரலாறு அரத்துறையோடு முடியவில்லை. பிள்ளையார் திருப்பூந்துருத்தியை நோக்கி எழுந்தருளுங்கால், எதிர்கொண்ட கூட்டத்தினுள் அரசுகள் ஒருவரும் அறியாமே புகுந்து தாமும் தோள்கொடுத்துச் சிவிகையைத் தாங்கி வந்தார். “அப்பர் எங்குற்றார்?” என்று பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்தே விடை வந்தது. அது கேட்ட கணமே பிள்ளையார் விரைந்து கீழிறங்கினார். அவ்விறக்கத்தை நினைக்குந்தோறும் எமக்கு மெய்சிலிர்க்கும். சிவிகை நிற்றற்குக் காத்திலர். என் செய்வது என்று எண்ணிலர். ஏறுங்கால் இறைவன் ஆணையால் ஏறினார். இறங்குங்கால் அன்பினால் இறங்கினார். இரண்டிற்குமிடையில் அச்சிவிகை அவரைப் பற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே ஊர்தியைப் பற்றிய சைவவினா ‘ஏறலாமா’ என்பதன்று. ‘வேண்டியபோது இறங்கவியலுமா’ என்பதே. பளிங்கு தன்னையடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறு போல உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கின் அருகிருந்து செம்பூவை எடுத்துவிட்டால் பளிங்கு மீண்டும் வெண்மையாகின்றது. பூவைப் பசையிட்டு ஒட்டிவைத்தாலோ எடுக்குமாறில்லை. அவ்வன்பரின் வினாவில் ஒட்டும் பசை எது என்று தேடினோமாக, அது காரன்று, கடன் என்பது தெளிவாயிற்று.

கணக்கிட்டுக் காண்போம். பத்து லட்சம் ரூபாயை நூற்றுக்கு 9 வட்டியில் 7 ஆண்டிற்குக் கடனாகப் பெற்றால் மாதந்தோறும் ஏறக்குறைய 16,089 ரூபாய் செலுத்த வேண்டும். தவணை 84. (எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதத்தை இவ்வெண் நினைவூட்டுவது தற்செயலே, ஆயினும் நினைவூட்டத்தான் செய்கின்றது.) முடிவில் செலுத்தியது 13,51,000 ரூபாய்க்கு மேலாம். இதற்கிடையில் வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கிவரும். மூன்றாம் ஆண்டில் மனம் மாறி விற்கப் புகுந்தால், வரும் விலை கடனின் எச்சத்தைத் தீர்த்தற்குப் போதாமலும் ஆகலாம். அப்பொழுது அவர் விரும்பினும் இறங்கவியலாது. மேலும், கடனுள்ளவரை வண்டியின் பதிவுச்சான்றில் உடையவர் பெயரோடு கடன் கொடுத்தார் பெயரும் ஏறி நிற்கும். அதனை நீக்குதற்கு 35ஆம் படிவம் வேண்டும். ‘என் கார்’ என்று சொல்லுந்தோறும் சான்றிதழே அதனை மறுக்கின்றது. உடையான் வேறொருவன், யான் அடிமை என்பதை நூலால் உணராதார் இதனாலாவது உணர்வரோ எனின், உணர்வதில்லை. ‘எனது’ என்னுஞ் செருக்கு முழுதாய் இருக்கப் பொருள் மட்டும் பிறனதாய் நிற்கின்றது. இதனினும் இரங்கத்தக்க நிலை வேறில்லை.

“கடன்படுதலும் பிராரத்தமே ஆகலாகாதோ?” என்று கடாவுவாரும் உளர். நுகர்தற்கு வந்துபொருந்துவது பிராரத்தம். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்பால் முனைந்து செய்வது ஆகாமியம். நியதி என்னுந் தத்துவம் அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுத்து நிறுத்துகின்றது. இன்று கையிற் பொருளிருந்து, வண்டியும் வந்து வாய்ப்பின், அதனைப் பிராரத்த போகம் என்று கொண்டு அமைதியாய் நுகரலாம். ஏழாண்டு கழித்து ஈட்டப்படும் பொருளை இன்றே இழுத்துவந்து நுகர்தலோ, வந்ததை நுகர்தலன்று, வாராததை வருவித்தல். வீடு கட்டுதற்கும் மக்கள் கல்விக்கும் மருத்துவத்திற்கும் படுங்கடனை யாம் இங்கே சேர்த்துப் பேசவில்லை, அவை வேறு. இன்பத்தின்பொருட்டுப் படுங்கடன் ஒன்றனையே சொல்லுகின்றோம், இன்பத்திற்கு நாளை என்று தள்ளிவைக்கும் இயல்புண்டு, நோய்க்கு அஃதில்லை.

பிறர்பொருள் கொண்டு ஊர்தி வாங்கச் சென்ற வரலாறும் நம்மிடம் உண்டு. திருவாதவூரடிகள் அமைச்சராயிருந்த காலத்துப் பாண்டியன் கருவூலப் பொன்னொடு குதிரை வாங்கச் சென்றார். திருப்பெருந்துறையிற் குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பட்டார். பொன் முழுதும் திருப்பணிக்கும் அடியார்க்கும் ஆயிற்று. பின் நடந்தன யாவரும் அறிவர். நரிகள் பரிகளாய் மதுரை வீதியிற் கூத்தாடின. மன்னன் கண்டு மயங்கினான். இரவிற் பரிகள் மீண்டும் நரிகளாய்ப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறி ஓடின. இதனை அடிகள் பெருமைக்கும் இறைவன் எளிவந்த தன்மைக்கும் எடுத்தோதுதலே வழக்கு, அதுவே முறையும். ஆயினும் பாண்டியன் பக்கம் நின்று ஒருமுறை நோக்குக. அவன் கண்ணுக்கு அக்குதிரைகளில் ஒரு குறையும் இல்லை. உருவும் நடையும் சுழியும் பார்த்துத் தேர்ந்தே மகிழ்ந்தான். பகலெல்லாம் பரியாய் நின்றது இரவில் வேறாயிற்று. முதல்நாள் மகிழ்ச்சி மறுமாதத் தவணைநாளில் என்னாகும் என்பதை அன்பர் இதனொடு வைத்து எண்ணுதல் தகும். ஆவுடையார்கோயில் சென்றால் மண்டபத் தூணில் குதிரைமேல் வரும் பெருமானைக் கல்லிற் காணலாம். காரேறிச் சென்றேனும் ஒருமுறை காண்க.

இனி, பழைய வண்டி. கையிலிருக்கும் பொருளளவில் அமைவதாயின் அதுவே தக்கதென்போம். எனினும், பழையது கொள்வார் செருக்கில்லாதார் என்று எண்ணிவிடலாகாது. குறைந்த விலைக்குக் கொண்டேன் என்று தெருத்தோறும் சொல்லித் திரிவாரை யாம் கண்டிருக்கின்றோம். புதியது வாங்கினார் செருக்கு ஓராண்டில் தணியும், இவர் செருக்குத் தணிவதே இல்லை. அதுநிற்க. குதிரை விற்பார் கொள்வார் கையிற் கயிறு மாறிக் கொடுத்தலோடு விலை முற்றும் என்ற பழைய முறையைத் திருவிளையாடற் கதையிற் காண்கின்றோம். இக்காலக் கயிறுமாற்றம் 29ஆம் 30ஆம் படிவங்களால் நிகழ்வது. அதற்குமுன் பார்க்க வேண்டுவன உள. துணிக்கூரை நம் நாட்டு வெயிலில் வெடிக்கும். ஓரத்து ரப்பர் இற்று மழைநீர் உட்புகும். புகுந்த நீர் அடித்தட்டைத் துருவாய்த் தின்னும். மோதிச் சிதைந்ததைச் சாயம் பூசி மறைத்திருத்தலும் உண்டு. அயல்நாட்டினின்று வரவேண்டிய உறுப்பு ஒன்று கெட்டால் மாதக்கணக்கிற் காத்திருக்க நேரும். இவற்றைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக்கொண்டு பார்த்தல் கொள்வார் கடன். மறையாது சொல்லுதல் விற்பார் கடன். குறையை மறைத்து விற்றல் களவேயாம். விற்ற பொருள் கார் என்பதனால் அது வாணிகத் திறமை ஆய்விடாது. அன்பர் நாளை இதனை விற்க நேரின் அக்கடன் அவர்மேலும் வரும் என்பதை இன்றே அறிதல் நன்று.

வீட்டு முதியோர் ஒருவர் கேட்டதாக அன்பர் எழுதிய மற்றொரு கேள்வி எம்மை நெடிது நிறுத்திற்று. “மூன்றாமவனுக்கு இடமில்லாத வண்டி எதற்கு?” என்றனராம். சத்திரம் என்பதைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் இக்கேள்வி எழுந்தது பொருத்தமே. சத்திரமாவது பெயரும் ஊரும் அறியாத வழிப்போக்கனுக்காகக் கட்டப்படுவது. இருவர் கார் அவ்வழிப்போக்கனுக்கு இடமில்லை என்று தன் வடிவத்தாலேயே சொல்லிவிடுகின்றது. ஆயின் முத்துச்சிவிகையும் ஒருவர்க்கே உரியது. அதனால் அது குறைபடவில்லை. இதற்கு யாம் காணும் முடிபு இது. வீட்டிற்கு அவ்வொரு வண்டியே வண்டியாயின், முதியோர் சொல்லே சரி. நள்ளிரவில் தாய்க்கு மூச்சு முட்டினால், அவரைச் சாய்த்துக்கொண்டு உடன் ஒருவர் அமர்ந்து சங்கரன்கோயிலுக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோதற்கு அதில் இடமில்லை. அவ்விரவில் அயலார் கதவைத் தட்டவேண்டுவதாயின், அக்காரின் விலையை அன்பர் மட்டுங் கொடுக்கவில்லை, அயலாரும் கொடுக்கின்றனர். வீட்டிற்கு வேறு ஊர்தி உண்டாயின், அல்லது அதற்குரிய ஏற்பாடு உண்டாயின், இருவர் இருக்கை குற்றமன்று.

வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இவ்வினத்து வண்டிகள் வேகத்தின்பொருட்டே விரும்பப்படுவன. திருநெல்வேலியினின்று மானூர், தேவர்குளம் வழியாகப் பனவடலிசத்திரம் வரும் சாலையை அறிந்தவர், அங்கே ஆடும் மாடும் பள்ளிச்சிறாரும் கடத்தலை அறிவர். தரையினின்று ஒரு சாண் உயரமும் இல்லாத அடிப்பாகத்தை வேகத்தடை ஒவ்வொன்றும் உரசிப் பார்க்கும்; அஃது ஒருவகையில் நன்மையே. இந்நாட்டில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் நூற்றுக்கு எழுபதின்மேற்பட்டோர் மிகைவேகத்தால் இறந்தனர் என்பது மைய அரசின் கணக்கு. திருவாரூரில் அரசிளங்குமரன் தேரின்கீழ்ப் பசுக்கன்று பட்டது வேண்டுமென்று செய்ததன்று. கன்று வந்ததை ஒருவரும் கண்டிலர். அமைச்சர் கழுவாய் கூறினர். ‘கண்டிலேன்’ என்பதை மனுவேந்தன் விடையாக ஏற்கவில்லை. தன் மைந்தன்மேலே தேரூர்ந்தான். தேர் பெரியதாகவும் கன்று சிறியதாகவும் இருக்குங்கால், காணுங்கடன் தேரின்மேலிருப்பானுக்கே என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். வேகம் இன்பந்தரும் என்பதை யாம் மறுக்கவில்லை. அவ்வின்பத்தைத் துய்த்தற்கு அடைத்த ஓட்டப்பந்தயக் களங்கள் சென்னையை அடுத்தும் கோயம்புத்தூரிலும் உள்ளன. ஒரு பகல் அங்கே கட்டணங் கொடுத்து ஓட்டி மீளுதல், ஏழாண்டுத் தவணையினும் எளிது.

இறுதியாக அன்பர் கேட்டது, வண்டி வாங்கின் பூசை செய்தல் முறையோ என்பது. முறையே. பிள்ளையாரும் இறைவன் அருளிய சிவிகையை வலம்வந்து வணங்கி, ஐந்தெழுத்து ஓதியே ஏறினார் என்பது புராணம். ஏறுமுன் அதனைத் தந்தவனை நினைத்தற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா. எலுமிச்சங்கனியைச் சக்கரத்தில் நசுக்குதல் வழக்கமாய் வந்துவிட்டது. அதனை யாம் தடுப்பதில்லை, வற்புறுத்துவதுமில்லை. ஆனால் ஒன்று. சிவாயநம என்று அச்சிட்ட தாளை வண்டியின் பின்புறத்தில், எண்பலகைக்கு மேலே, சேறு தெறிக்குமிடத்தில் ஒட்டிக்கொண்டு திரிவாரைக் காணுங்கால் எமக்கு வருத்தம் மிகுகின்றது. பழைய வண்டி வாங்குவாராயின், முன்னையோர் அவ்வாறு ஒட்டிவைத்தது இருப்பின், நீர்தொட்டு மெல்ல எடுத்து, ஓடுநீரிலேனும் கிணற்றிலேனும் விடுக. வண்டியினுள்ளே கண்ணெதிரே சிறிது திருநீற்றுச் சம்புடம் வைத்துக்கொள்ளலாம். இருவர் அமரும் வண்டியிலும் அதற்கு இடமுண்டு.